திருடனுக்குப் போட்ட பூட்டு; வீட்டுக்காரருக்கு இருட்டு!
படம் வராவிட்டால் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

சேரப்பணஞ்சேரி:-

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. சுற்றிலும் தொழிற்சாலைகள். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2007-ம் ஆண்டு சாம்சங் கம்பெனி கலர் டி.வி. தயாரிப்பைத் தொடங்கியது.

டி.வி. செய்த வட்டாரமாக இருந்தால் என்ன? வீட்டில் டிஸ்க் போட்டு படம் வரவில்லை என்றால், "டி.வி. போச்சுங்க" என்பதுதான் முதல் பேச்சு. மெக்கானிக்குக் கூலி தண்டம். ஆனால் பல சமயம் டி.வி. நிரபராதி!

திருட்டுக் காப்பியைத் தடுக்கப் படக்கம்பெனிகள் போட்ட ரகசியப் பூட்டுதான் காரணம்.

மங்கி மங்கி எரிந்த படம்

டி.வி.டி. பிளேயர் பரவிய காலத்தில் பழைய டி.வி.க்களில் ஆன்டெனா துளை மட்டுமே இருந்தது. பிளேயரிலோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள். அதனால் பழைய வீடியோ டெக் வழியாக டி.வி.க்கு இணைப்புக் கொடுத்தார்கள்.

படம் ஒரு நிமிடம் பளிச்சென்று இருக்கும். அடுத்த நிமிடம் இருண்டு போகும்.

இது "மேக்ரோவிஷன்" பூட்டின் வேலை. திரையில் தெரியாத மேல் கோடுகளில் பிளேயர் பொய்யான மின்துடிப்புகளை அனுப்பும். டி.வி. அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. டெக்கில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் சர்க்யூட் ஏமாந்துபோய், கூட்டிக் குறைத்துக் கெடுத்துவிடும். காப்பி எடுக்காமல் சும்மா பார்த்தாலும் இதே கதிதான்.

வி.சி.டி.யில் இந்தப் பூட்டு கிடையாது. பூட்டை நீக்கிய திருட்டு டிஸ்க்கிலும் கிடையாது. அது ஒழுங்காக ஓடும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் மக்கர் செய்யும்!

சிங்கப்பூர் டிஸ்க்

டி.வி.டி.க்காக உலகத்தை 6 மண்டலமாகப் பிரித்தார்கள். இந்தியா 5, சிங்கப்பூர் 3, அமெரிக்கா 1. சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருந்து ஆசையாக வாங்கி வந்த டிஸ்க்கில் 3 மட்டும் குறித்திருந்தால், இங்கு விற்ற 5-ம் மண்டல பிளேயர் ஏற்காது.

இப்போது எச்.டி.எம்.ஐ.

புது டி.வி.க்களில் எச்.டி.எம்.ஐ. வயர் வந்துவிட்டது. அதில் "எச்.டி.சி.பி." என்ற பூட்டு. பிளேயரும் டி.வி.யும் ரகசிய எண்களைப் பரிமாறி, ஒன்றையொன்று நம்பினால்தான் படம். நடுவில் மட்டமான ஸ்பிளிட்டரோ, கன்வெர்ட்டரோ இருந்தால் நம்பிக்கை முறியும். திரை கறுப்பு, சில சமயம் சத்தம் மட்டும் வரும்.

மஞ்சள் வயருக்கு மாறலாமா? டி.வி.டி. பிளேயரில் முடியும். 2013-க்குப் பிறகு தயாரான புளூ-ரே பிளேயர்களில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

திருடன் சிக்கினானா?

டி.வி.டி. பூட்டு 1999-லேயே உடைந்தது. அதற்காக வழக்கைச் சந்தித்த நார்வே வாலிபர் ஜான் ஜோஹன்சன் 2003-ல் விடுதலை ஆனார். எச்.டி.சி.பி.யின் மூலச்சாவி 2010-ல் அம்பலமானது.

தமிழ்நாட்டில் 2004-ல் திருட்டு வீடியோ ஆசாமிகள் குண்டர் சட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் தியேட்டரில் கேமரா வைத்துப் படம் பிடிப்பவனை எந்த டிஸ்க் பூட்டு தடுக்கும்?

மோசர் பேயர் கம்பெனி 2007-ல் வேறு வழி பார்த்தது. வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று ஒரிஜினலையே மலிவாக விற்றது. அந்தக் கம்பெனியும் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. வீட்டு அலமாரியில் டிஸ்க்குகள் மட்டும் மிச்சம்.

என்ன செய்யலாம்?

* நடுவில் உள்ள டெக், ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு நேராக டி.வி.யில் சொருகுங்கள்.

* இரண்டையும் அணைத்து, வயரைக் கழற்றி மாட்டி, முதலில் டி.வி., பிறகு பிளேயர் என்று போடுங்கள்.

* டி.வி.டி. என்றால் மஞ்சள் வயரில் ஒருமுறை பாருங்கள்.

* பூட்டை உடைத்துக் காப்பி போட்டு விற்கும் யோசனை வேண்டாம். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி பூட்டை உடைப்பதற்கே 2 ஆண்டு வரை ஜெயில்!

இத்தனைக்கும் படம் வராவிட்டால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.