பத்திரிகைப் படிப்பும் தமிழ் மக்களும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு வருஷமும், பிள்ளைகளை எந்தக் கலாசாலையில் எதற்குச் சேர்ப்பது என்னும் விசாரம் தமிழ்க் குடும்பங்களில் எழுகிறது. வைத்தியம், எஞ்சினியரிங், சட்டம் என்ற பழைய வரிசையில் ‘ஜர்னலிஸம்’, ‘மாஸ் கம்யூனிகேஷன்’, ‘விஷுவல் கம்யூனிகேஷன்’ என்ற பெயர்களும் இப்போது சேர்ந்துவிட்டன. பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன், ஸினிமா, இன்டர்நெட் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிப்பதாக இப்படிப்புகள் சொல்லிக்கொள்கின்றன. வாலிபர்கள் இவற்றை நாடுவது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இந்தப் படிப்பு எந்த மொழியில் நடக்கிறது, படித்து வெளிவருகிறவர் யாருக்கு ஊழியம் செய்யப் போகிறார் என்னும் இரு கேள்விகளை நமது ஸர்வகலாசாலைகள் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

பத்திரிகைத் தொழிலைப் பள்ளியில் கற்பிக்க முடியுமா என்று ஆட்சேபிப்போர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் காட்டும் உதாரணங்கள் அற்பமானவையல்ல. 1878-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி ‘ஹிந்து’ பத்திரிகையைத் தொடங்கிய ஆறு பேரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் உபாத்தியாயர்; நால்வர் சட்ட மாணவர். சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமனம் பெற்றதை வெள்ளையர் பத்திரிகைகள் இகழ்ந்து எழுதின. அதற்குப் பதில் சொல்லவே இவர்கள் பேனாவை எடுத்தார்கள். முதல் இதழில் எண்பது பிரதிகளே அச்சாயின. இவர்களில் எவரும் பத்திரிகைக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவரல்லர்.

உண்மை. ஆனால் அவர்கள் கல்லாமல் வந்தவர்களும் அல்லர். சுப்பிரமணிய பாரதியார் 1904-ல் ‘சுதேசமித்திரன்’ காரியாலயத்தில் உதவியாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பழகினார். அந்த மேஜையே அவருக்குப் பள்ளிக்கூடம். சுப்பிரமணிய ஐயரே குரு. இன்று செய்தி நிமிஷக் கணக்கில் கைத்தொலைபேசிக்குப் போய்ச் சேரவேண்டியிருக்கிறது. காரியாலயத்தில் உட்கார்ந்து ஒரு வாலிபருக்கு வரிவரியாகத் திருத்திச் சொல்லிக் கொடுக்கப் பெரியவர்களுக்கு அவகாசமில்லை. முன்பு குரு செய்த வேலையை இன்று ஸர்வகலாசாலைதான் செய்தாக வேண்டும்.

அமெரிக்காவில் மிஸௌரி ஸர்வகலாசாலை 1908-ல் பத்திரிகைத் தொழிலுக்கென்று தனிப் பள்ளி அமைத்தது. வகுப்புகள் தொடங்கிய செப்டம்பர் 14-ந் தேதியே மாணவர்கள் தங்கள் தினப்பத்திரிகையின் முதல் இதழை வெளியிட்டார்கள். பாடமும் பத்திரிகையும் ஒரே நாளில் பிறந்தன. ஜோஸப் புலிட்ஸர் இருபது லக்ஷம் டாலர் அளித்து வகுத்த திட்டத்தின்படி, அவர் காலமான மறு வருஷமாகிய 1912-ல் கொலம்பியா ஸர்வகலாசாலையில் மற்றொரு பள்ளி திறக்கப்பட்டது. ஹங்கேரியில் பிறந்த இந்தப் புலிட்ஸர், அமெரிக்காவில் முதன்முதல் நிருபரானது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அன்று. ஸெயின்ட் லூயி நகரத்து ஜெர்மானியக் குடிகளுக்காக ஜெர்மன் மொழியில் நடந்த பத்திரிகையில்தான் 1868-ல் அவர் தொழில் கற்றார்.

நமது தேசத்திலும் இம்முயற்சி நேற்றுத் தோன்றியதல்ல. 1920-ஐ ஒட்டி அடையாற்றுத் தேசிய ஸர்வகலாசாலையில் அன்னி பெஸன்ட் அம்மையார் பத்திரிகைப் பாடம் ஏற்படுத்தி, மாணவர்கள் தமது ‘நியூ இந்தியா’ காரியாலயத்தில் வேலை பழகச் செய்தார். 1938-ல் அலிகாரும், 1941-ல் லாகூரில் பஞ்சாப் ஸர்வகலாசாலையும் இவ்வழியில் சென்றன. சென்னை ஸர்வகலாசாலை சுதந்திரம் வந்த 1947-ம் வருஷமே இப்படிப்பைத் தொடங்கிற்று. டில்லியில் மத்திய சர்க்காரின் வெகுஜனத் தொடர்புக் கல்வி நிலையம் 1965-ல்தான் ஏற்பட்டது. ஆகவே, இத்துறையில் சென்னை பின்தங்கி வந்ததென்று யாரும் சொல்ல முடியாது.

பின்தங்கியது தமிழே. இங்கே பத்திரிகைப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆங்கிலப் பாடநூல், ஆங்கில உதாரணம். தமிழிலக்கியம் பயில்வோருக்கு ‘இதழியல்’ என்று ஒரு தாள் உண்டு. அது பெரும்பாலும் பழைய பத்திரிகைகளின் சரித்திரத்தோடு நின்றுவிடுகிறது. தொழிலைக் கற்றவர் தமிழில் கற்கவில்லை. தமிழைக் கற்றவர் தொழிலைக் கற்கவில்லை. இருவரும் ஒரே காரியாலயத்தில் வந்து சேரும்போது நேரும் விபரீதத்தை நமது வாசகர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம் போதும். போலீஸார் ஒருவரைக் கைது செய்கிறார்கள். அவர்மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. கோர்ட்டு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வரையில் சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. ஆங்கிலத்தில் படித்த நிருபருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆயினும் தமிழில் எழுதும் அவசரத்தில் ‘குற்றவாளி பிடிபட்டான்’ என்று முடித்துவிடுகிறார். ஜாமீனில் வெளிவந்தாலும் ‘விடுதலை’, குற்றம் ருஜுவாகாமல் தீர்ப்புப் பெற்றாலும் ‘விடுதலை’ என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறார். பல வருஷங்களுக்குப் பின் அந்த மனிதர் நிரபராதி என்று தீர்ப்பாகலாம். அவருடைய ஊரார் மனத்தில் முதல் நாள் தலைப்புத்தான் நிற்கும். அவருடைய பெண்ணுக்கு வரன் தேடும்போதும், பிள்ளைக்கு வேலை தேடும்போதும் அந்தத் தலைப்பே எதிரில் வந்து நிற்கும். ஒரு சொல்லின் பிழையால் ஒரு குடும்பத்தின் மானம் போகிறது. இந்தப் பிழையைத் திருத்தும் வகுப்பு தமிழில் நடந்தாலன்றிப் பயனில்லை.

தேச பாஷைப் பத்திரிகையின் பலத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்நிய ஆட்சியினர். லிட்டன் பிரபு 1878-ம் வருஷம் மார்ச்சு மாதம் கொண்டுவந்த சட்டம் தேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை மாத்திரம் கட்டிற்று. ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டது. கல்கத்தாவின் ‘அம்ருத பஜார் பத்திரிகா’ அதற்குத் தப்புவதற்காக முழுதும் ஆங்கிலத்துக்கு மாறிற்று. ஜனங்களின் மொழியில் எழுதுகிறவனிடம் சர்க்காருக்கு இருந்த அச்சம் அச்சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகிறது. ரிப்பன் பிரபுவின் காலத்தில் அது ரத்தாயிற்று. சட்டம் போய்விட்டது, அது வகுத்த மேல்படி கீழ்ப்படி மட்டும் சுதந்திர பாரதத்தின் வகுப்பறைகளில் இன்னும் குந்தியிருப்பது நியாயமா?

மற்ற மொழியினர் வாளா இருக்கவில்லை. ‘கர்மவீர்’ ஆசிரியராயிருந்த தேசபக்தர் மாகன்லால் சதுர்வேதியின் பெயரால் போபாலில் 1990-ல் ஒரு ஸர்வகலாசாலையே நிறுவினார்கள். டில்லி நிலையம் ஹிந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளில் பத்திரிகைப் பயிற்சி ஏற்படுத்தியபோது தமிழ் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. கேட்காத குழந்தைக்குப் பால் கிடைக்காது. தமிழர் கேட்டார்களா என்பதே நமது கேள்வி.

தமிழில் பாடநூல் எங்கே என்று சிலர் கேட்பார்கள். அண்ணா ஸர்வகலாசாலை 2010-ல் கட்டிட எஞ்சினியரிங்கையும் யந்திர எஞ்சினியரிங்கையும் தமிழில் கற்பிக்கத் துணிந்தது. பாலமும் யந்திரமும் தமிழுக்குள் வருமானால், தமிழிலேயே பிறந்து தமிழிலேயே வளர்ந்த பத்திரிகைத் தொழில் வராதா? பாடத்துக்கு வேண்டிய சரக்கும் நம்மிடமே இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி ஸுப்ரீம் கோர்ட்டு 1994-ல் கூறிய பிரசித்தமான தீர்ப்பு, தமிழ்ப் பத்திரிகையாகிய ‘நக்கீரன்’ தொடர்ந்த வழக்கில் பிறந்தது. மரண தண்டனைக் கைதி ஒருவரின் சுயசரிதையை அது வெளியிடவிருந்தபோது, சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். வெளியாகுமுன்பே தடுக்கச் சர்க்காருக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை. அவதூறென்று கருதினால் வெளியான பிறகு வழக்காடலாம் என்று கோர்ட்டு கூறிற்று. இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் இத்தீர்ப்பைத் தமிழ் நிருபராகப் போகும் மாணவர் தம் சொந்த மொழியில் கற்க வழி வேண்டாமா?

இனி, ஊழியம் யாருக்கு என்னும் கேள்வி. இன்றைய ‘கம்யூனிகேஷன்’ படிப்பில் செய்தி எழுதுவதும், விளம்பரம் எழுதுவதும், கம்பெனிகளுக்கும் கட்சிகளுக்கும் நற்பெயர் தேடிக்கொடுப்பதும் ஒரே பெஞ்சில் கற்பிக்கப்படுகின்றன. விளம்பரம் பாவமென்று நாம் சொல்லவில்லை. அதனாலேயே பத்திரிகைகள் நடக்கின்றன. ஆனால் வக்கீலும் நீதிபதியும் ஒரே சட்டத்தைப் படித்தாலும், ஒரே ஆசனத்தில் உட்காருவதில்லை. புலிட்ஸர் 1904-ல் தமது திட்டத்தை விளக்கி எழுதியபோது, வியாபாரப் பகுதியைத் தமது கல்லூரியில் கற்பிக்கலாகாது என்று வற்புறுத்தினார். அந்த எச்சரிக்கையின் அருமை நமக்கு 2009 பொதுத் தேர்தலில் விளங்கிற்று. அபேக்ஷகர்கள் பணம் கொடுத்து, விளம்பரத்தைச் செய்தி போலவே வெளியிடச் செய்த அவலத்தைப் பற்றிப் பிரஸ் கௌன்ஸில் 2010-ல் அறிக்கை வெளியிட்டது. பணம் வாங்கிய செய்தியை நம்பி வோட்டுப் போட்டவன் ஏமாற்றப்பட்ட குடிமகன். எதை எழுதினால் யாருக்கு லாபம் என்று மட்டும் கற்ற மாணவர் நாளை அந்த ஏமாற்றத்தின் கருவியாவார்.

ஆங்கிலம் வேண்டாமென்று நாம் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். உலகச் செய்தியை அறிய ஆங்கிலம் அவசியம். நாம் கோருவது மூன்று. தமிழ்நாட்டின் ஸர்வகலாசாலைகளில் பத்திரிகைத் தொழிலைத் தமிழில் முழுமையாகக் கற்று, தமிழிலேயே பரீக்ஷை எழுதிப் பட்டம் பெற வழி ஏற்பட வேண்டும். சட்டப் பாடம் அதில் கட்டாயமாக இருக்க வேண்டும். அவதூறு, கோர்ட்டு அவமதிப்பு ஆகியவற்றின் எல்லையும், 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 152-வது பிரிவும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்திப் படிப்பு விளம்பரப் படிப்பிலிருந்து பிரிக்கப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மிஸௌரி மாணவர்களைப் போல், நமது மாணவர்களும் முதல் வருஷத்திலிருந்தே ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தட்டும். பஞ்சாயத்துக் கூட்டத்திலும் முன்ஸீப் கோர்ட்டிலும் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் தமிழிலேயே மனுச் செய்ய இடங்கொடுக்கிறது. அதன்படி கணக்குக் கேட்கட்டும். எழுதியதை அந்தந்த ஊராரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டட்டும். ஊரார் ‘நடந்தது இதுதான்’ என்று சொல்வார்களானால், அதைவிட உயர்ந்த பரீக்ஷை எந்த ஸர்வகலாசாலையிலும் இல்லை.