பாட்டின் வேரைத் தேடி

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘நோ டிப்ரெஷன்’ என்ற இசை ஆல்பம் வெளிவந்தது. தலைப்பிலுள்ள சொல் உளச்சோர்வைக் குறிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சுட்டுகிறது. பாஸ்டன் நகர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், பத்தே நாள்களில், ஏறத்தாழ 3,500 டாலர் செலவில் அந்த ஆல்பம் பதிவாயிற்று. அதை உருவாக்கிய ‘அங்கிள் டூப்பலோ’ குழுவில் ஜே ஃபேரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் என மூவர் மட்டுமே இருந்தனர். மூவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். சிறு நிறுவனமொன்றின் வழியே வந்த அந்த ஆல்பத்தின் பெயர், பின்னாளில் ஓர் இசை வகைக்கே அடையாளமாயிற்று.

இந்த ஓர் ஆல்பத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் அமெரிக்க நாட்டுப்புற இசையின் நெடிய வரலாறு விரிகிறது. அந்த வரலாற்றில் விடுபட்டுப்போன ஒருவரின் பெயரும் கிடைக்கிறது.

நிலவறையில் ஒரு மேடை

கன்ட்ரி இசை அமெரிக்கத் தென் மாநிலங்களின் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து கிளைத்தது. கிட்டாரும் பாஞ்சோவும், ‘ஃபிடில்’ என்று அங்கே வழங்கும் வயலினும் அதன் முதன்மைக் கருவிகள். காலப்போக்கில் நாஷ்வில் நகரம் அதன் தொழில் மையமாக வளர்ந்தது. ஒலி மெருகேறியது. ஆனால், பாட்டிலிருந்து வயலும் சுரங்கமும் ஆலையும் விலகிவிட்டன என்ற குறையும் எழுந்தது.

இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரில் வளர்ந்த இம்மூவரும் பங்க் ராக் இசையின் வேகத்தையும் பழைய கன்ட்ரி இசையின் எளிமையையும் ஒன்றுசேர்த்தனர். மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த ‘சிசரோஸ்’ உணவகத்தின் நிலவறைதான் அவர்கள் தேர்ச்சி பெற்ற மேடை. ஆலை வேலையின் அலுப்பு, சிற்றூரைவிட்டு வெளியேற இயலாத தவிப்பு, மதுவின் பிடி ஆகியன அவர்களின் பாடுபொருள்கள். இவ்வகை இசையே ‘ஆல்ட்-கன்ட்ரி’ எனப் பெயர் பெற்றது. 1994இல் குழு பிரிந்தது. ட்வீடி ‘வில்கோ’ குழுவையும், ஃபேரர் ‘சன் வோல்ட்’ குழுவையும் தொடங்கினர். மறு ஆண்டு சியாட்டில் நகரிலிருந்து வெளிவரத் தொடங்கிய இசை இதழொன்று ‘நோ டிப்ரெஷன்’ என்பதையே தன் பெயராக ஏற்றது.

அரை சென்ட்டும் ஒரு பெயரும்

ஆல்பத்தின் தலைப்புப் பாடல் அவ்விளைஞர்கள் இயற்றியதன்று. வர்ஜீனியா மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தினர் 1936இல் பதிவு செய்தது. மந்தத்தால் நொந்தவர்கள், மந்தமே இல்லாத விண்ணுலகை எண்ணி ஆறுதல் கொள்ளும் பாடல் அது.

ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் உறவினரான மேபெல் ஆகிய மூவரும் 1927 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்ற பதிவாளர்முன் முதன்முதலாகப் பாடினர். பாடலொன்றுக்கு 50 டாலர் கிடைத்தது. காப்புரிமை பெற்ற பாடலாயின், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அரை சென்ட் கூடுதலாகக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. ஆகவே புதிய பாடல்கள் தேவைப்பட்டன. கார்ட்டர் மலையூர்தோறும் பாடல் தேடி அலைந்தார்.

அப்பயணங்களில் அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். பாடுவோரின் சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் நினைவில் ஏந்தி வருவார். கன்ட்ரி கிட்டார் இசைக்கே இலக்கணமாகப் போற்றப்படும் மேபெலின் வாசிப்பிலும் ரிடிலின் செல்வாக்கு உண்டு. இனப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய காலம் அது. தட்டுகளில் கார்ட்டரின் பெயர் இடம்பெற்றது. ரிடிலின் பெயர் இல்லை, அரை சென்ட்டும் இல்லை.

1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்துகொண்டிருந்த ரிடிலைக் கண்டறிந்து, அவர் வாசிப்பைப் பதிவு செய்தார். ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற ஆல்பமாக அப்பதிவுகள் வெளிவந்தது 1993இல்தான். அப்போது ரிடில் உயிருடன் இல்லை.

முதியவரின் வீட்டில்

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் மரபில் உருவான கருவியே பாஞ்சோ. ஆனாலும் அது வெள்ளையரின் கருவி என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் ஆழப் பதிந்துவிட்டது. 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் நடந்த கறுப்பின பாஞ்சோக் கலைஞர்களின் கூடுகையில் ரியானன் கிட்டன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூன்று இளைஞர்கள் சந்தித்தனர். அதன்பின் மெபன் என்ற ஊரில் வாழ்ந்த ஜோ தாம்சனின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, எதிரே அமர்ந்து, கேள்வி வழியாகவே பழைய பாடல்களைக் கற்றனர். அந்த ஃபிடில் கலைஞருக்கு அப்போது வயது 86.

அவர்கள் அமைத்த ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவின் 2010ஆம் ஆண்டு ஆல்பம், மரபு நாட்டுப்புற இசைக்கான கிராமி விருதை வென்றது. தாம்சன் 2012இல் தமது 93ஆம் வயதில் மறைந்தார். ரிடிலுக்கு வாழ்நாளில் வாய்க்காதது தாம்சனுக்கு வாய்த்தது. தாம் யாரிடம் கற்றோம் என்பதை மாணவர்கள் பெருமையுடன் சொல்லிவந்தார்கள்.

கேட்கத் தொடங்குவோருக்கு

அங்கிள் டூப்பலோவின் 1992ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். ஐந்தே நாள்களில் பதிவான அதில் மின் கிட்டாரின் இரைச்சல் இல்லை. அடுத்து லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ (1998), ஜில்லியன் வெல்ச்சின் ‘டைம்’ (2001) ஆகியவற்றைக் கேட்கலாம். வேர்களை அறிய விழைவோருக்கு, ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பழம்பதிவுகளின் திரட்டு இன்றும் சிறந்த வாயில்.

இன்றைய உள்ளூர்க் குழுக்களைக் கண்டறிய ‘பேண்ட்கேம்ப்’ போன்ற இணையச் சந்தைகள் துணைபுரிகின்றன. கலைஞரின் பெயர் தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயரைக் கொண்டு தேடலாம். செயின்ட் லூயிஸ், ஆஸ்டின், ஆஷ்வில் என்று ஓர் ஊரைத் தேர்ந்து, அங்குள்ள குழுக்களைக் கேட்டுப் பார்த்து, மனத்துக்கு இசைந்ததை வாங்கலாம். 2020 முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அத்தளம் தன் பங்கையும் கலைஞர்களுக்கே விட்டுக்கொடுக்கிறது. டாலரில் வாங்குவோர் தம் அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதி இயக்கத்தில் உள்ளதா எனவும், நாணய மாற்றுக் கட்டணம் எவ்வளவு எனவும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. பயன்பாடு முடிந்ததும் அவ்வசதியை நிறுத்திவைப்பது அதனினும் நல்லது.

வாங்கிய ஆல்பத்தில் பாடியவரின் பெயரோடு நின்றுவிடாமல், இயற்றியவர், வாசித்தவர், மெட்டுக்கு மூலமானவர் ஆகியோரின் பெயர்களையும் படித்துப் பாருங்கள். அவற்றுள் முன்பின் கேட்டறியாத ஒரு பெயரே நீங்கள் அடுத்துக் கேட்கவேண்டிய ஆல்பத்துக்கு வழிகாட்டும்.