பக்கத்துக்குள் இல்லாத காணொளி

திருகோணமலை மாவட்டத்தின் நகரப் பகுதியிலும், குடாவைச் சுற்றியுள்ள மூதூர், கிண்ணியா, சம்பூர் போன்ற ஊர்களிலும், வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்திலும் இணையத்தைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கைத்தொலைபேசியின் உலாவி வழியாகவே அதனுள் நுழைகின்றனர். அங்கே ஒரு செய்திப் பக்கத்தையோ, கோயில் திருவிழா அறிவிப்பையோ, பாடசாலைப் பாடத்தையோ திறந்தால், எழுத்துகளுக்கு நடுவே முக்கோணக் குறியுடன் ஒரு காணொளிப் பெட்டி தெரிகிறது. அதைத் தொட்டவுடன் சில வேளைகளில் படம் ஓடுகிறது, சில வேளைகளில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது, வேறு சில வேளைகளில் கறுப்புக் கட்டமொன்று மட்டும் எஞ்சுகிறது. பார்ப்பவர் வழக்கமாகத் தொலைபேசியை அல்லது சிக்னலைக் குறை கூறுகிறார். இரண்டும் குற்றமற்றவை அல்ல என்றாலும், இத்தகைய கோளாறுகளில் பெரும்பகுதிக்கு அடிப்படையான காரணம் வேறொன்று: அந்தப் பக்கத்தில் தெரியும் காணொளி பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இல்லை.

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதை வைத்திருக்கும் வழங்கிக் கணினி அனுப்புவது எழுத்துகளையும், படங்கள் இருக்கும் முகவரிகளையும், காணொளிக்கு உரிய இடத்தில் ஒரு சிறு குறிப்பையும் மட்டுமே. ஐபிரேம் எனப்படும் அந்தக் குறிப்பு, இந்த நீளமும் அகலமும் கொண்ட கட்டத்துக்குள் இன்ன முகவரியிலுள்ள இன்னொரு பக்கத்தைத் திறந்து வை என்று உலாவியிடம் சொல்கிறது. உடனே உலாவி யூடியூப்புக்கோ பேஸ்புக்குக்கோ தனியாக ஒரு பயணம் போய், அங்கிருந்து ஓட்டியையும் அதன் பின் காணொளியையும் கொண்டுவருகிறது. ஒரு வீட்டின் சுவரில் துளையிட்டு, அதன் வழியே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது. பக்கத்து வீட்டார் அணைத்துவிட்டால், துளையிட்டவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காணொளியின் உரிமையாளர் பிற தளங்களில் அது ஓடக் கூடாது என்று அமைத்துவைத்தால் பெட்டிக்குள் மறுப்புச் செய்தி மட்டுமே வரும். பக்கத்தை உருவாக்கியவர் முழுத்திரைக்கான அனுமதியைக் குறிப்பில் எழுத மறந்தால் காணொளி ஓடும், ஆனால் விரியாது. பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற பழைய முகவரியைப் பதித்திருந்தால், உலாவி அதைத் தானாகவே தடுத்துவிடும். இவற்றில் எதையும் பார்ப்பவரின் தொலைபேசியில் சரிசெய்ய முடியாது.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. யூடியூப் 2005இல் தோன்றியபோது, அதன் காணொளிகளைப் பிற பக்கங்களில் ஓட்டியது பிளாஷ் என்ற தனி மென்பொருள். அது கணினிக்காகவே உருவானது. இலங்கையில் மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை 2006இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மாவிலாற்றில் அரச படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே தொடங்கிய மோதல் மூதூருக்கும் சம்பூருக்கும் பரவி, அப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அன்று முதல் 2009இல் போர் முடியும் வரையிலும் தமிழ் இணையப் பக்கங்களில் பதிக்கப்பட்ட காட்சிகள் பெரும்பாலும் பிளாஷ் வழியாக ஓடியவையே. 2007இல் வந்த ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை; பிளாஷ் மின்கலத்தை உறிஞ்சுகிறது, பாதுகாப்பில் பலவீனமானது, தொடுதிரைக்குப் பொருந்தாதது என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதினார். 2011 நவம்பரில், பிளாஷின் உரிமையாளரான அடோபி நிறுவனமே கைத்தொலைபேசிகளுக்கான பிளாஷ் உலாவிச் செருகியை மேம்படுத்துவதைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31உடன் பிளாஷுக்கான ஆதரவு முற்றாக முடிந்தது. யூடியூப் காணொளிகளைப் பதித்த பழைய குறிப்புகளைச் சில உலாவிகள் தாமே புதிய வடிவுக்கு மாற்றி ஓட்டுகின்றன. ஆனால் சிறிய தளங்களின் சொந்த பிளாஷ் ஓட்டிகளில் இருந்தவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆவண மதிப்புள்ள பல காட்சிகள், கோப்பு எங்கோ இருந்தாலும் திறக்க வழியின்றி, வெற்றுக் கட்டங்களாகவே எஞ்சியுள்ளன. இந்த இழப்பைப் பற்றி ஈழத்துத் தமிழ் ஆவணப்படுத்தல் முயற்சிகளில் இன்னும் அதிகம் பேசப்படவேண்டும்.

பிளாஷின் இடத்தைப் பிடித்தது, காணொளியைப் படத்தைப் போலவே உலாவி நேரடியாகக் கையாளும் முறை. ஓபரா நிறுவனம் 2007இல் முன்மொழிந்த இம்முறை எச்.டி.எம்.எல். 5 என்ற தரத்தின் பகுதியாகி, 2014 அக்டோபரில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. 2015 தொடக்கத்தில் யூடியூப்பும் அதையே இயல்பான ஓட்டியாக்கிக்கொண்டது. அதற்குப் பின்னும் ஐபோன் உலாவியில் தொட்ட காணொளி பக்கத்துக்குள் ஓடாமல் முழுத்திரைக்குத் தாவியது. 2016இல் வந்த ஐ.ஓ.எஸ். 10 என்ற ஐபோன் இயங்குதளம்தான், பக்கத்தை உருவாக்கியவர் அனுமதித்தால் எழுத்துக்கு நடுவிலேயே ஓடலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் குரோம், சபாரி ஆகிய இரு உலாவிகளும், ஒலியின்றி ஓடும் காணொளி தானாகத் தொடங்கலாம், ஒலியுள்ள காணொளிக்குப் பயனரின் விரல் தொடுகை வேண்டும் என்ற விதிக்கு வந்தன. பக்கத்தைத் திறந்ததும் படம் ஊமையாக ஓடுவதைக் கோளாறு என்று எண்ணுவோர் உண்டு. அது கோளாறல்ல, விதி. ஐபோனில் மின்சேமிப்பு நிலையை இயக்கினால் அந்த ஊமைப் படமும் தானாகத் தொடங்காது. ரீலோட் செய்த பணத்தில் டேட்டா வாங்கிப் பார்க்கும் ஒருவருக்கு, ஒலியோடு வருவதைவிட ஒலியின்றித் தானாக ஓடுவதே அதிக ஆபத்தானது, ஏனெனில் திரையின் கீழ்ப்பகுதியில் அது ஓடுவதை அவர் கவனிக்காமலேயே டேட்டா கரைந்துகொண்டிருக்கும்.

காணொளி வந்துசேரும் வழியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திருகோணமலை, 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 2013 வரை இங்கிருந்த மறுஒலிபரப்பு நிலையத்தின் வழியே ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பியது. செய்தித் தொடர்பின் வரலாற்றில் இப்படி இடம்பெற்ற துறைமுகம் என்றாலும், இலங்கையை உலகோடு இணைக்கும் கடலடி ஒளியிழை வடங்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளில்தான். எனவே வெளிநாட்டிலிருந்து வடம் வழியே வரும் எந்தக் காணொளியும் தீவைக் குறுக்காகக் கடந்தே கிழக்குக் கரைக்கு வருகிறது. இந்தத் தூரமே தாமதத்துக்குக் காரணம் என்று கருதத் தோன்றும். ஆனால் ஒளி இழைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட 260 கிலோமீற்றரளவான தூரத்துக்கு ஒன்றரை மில்லிநொடிகூட ஆவதில்லை. மேலும் அதிகம் பார்க்கப்படும் காணொளிகளின் பிரதிகளைப் பெரிய நிறுவனங்கள் அந்தந்த நாட்டுக்குள்ளேயே வைத்திருப்பதும் வழக்கம். நெருக்கடி ஏற்படுவது பயணத்தின் கடைசிச் சில கிலோமீற்றர்களில், அதாவது கோபுரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில்தான். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்வதால், மாலையில் பலரும் ஒரே வேளையில் காணொளி பார்க்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பதற்காகவே காணொளி முழுதாக அனுப்பப்படாமல் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக அனுப்பப்படுகிறது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்ததும், பின்னர் 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியானதுமான இரு முறைகளும் இதே கொள்கையைப் பின்பற்றுபவை: ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும், வேகம் குறைந்தால் அடுத்த துண்டைத் தாழ்ந்த தரத்தில் ஓட்டி கேட்டு வாங்கும். படம் திடீரென மங்குவது இதனால்தான். மங்கியபின்னும் அடுத்த துண்டு உரிய நேரத்தில் வராதபோது வட்டம் சுழல்கிறது. தரத்தைப் பயனரே தேர்ந்தெடுப்பதில் பணச் சிக்கனமும் உண்டு. நொடிக்கு அரை மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 225 மெகாபைட்டை எடுக்கும்; இரண்டரை மெகாபிட்டில் ஓடினால் அதே ஒரு மணிநேரம் 1,125 மெகாபைட்டை விழுங்கும். கைத்தொலைபேசித் திரையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, செலவில் உள்ள வேறுபாட்டின் அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. 2022 செப்டம்பரில், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஒப்புதலோடு கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தபின், இந்தக் கணக்கு முன்னைவிட முக்கியமாகிவிட்டது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, கோபுரங்களின் மாற்று மின்கலங்கள் தீர்ந்து, சிக்னலே பல இடங்களில் தளர்ந்தது. அப்போது எந்தத் தரத்தைத் தேர்ந்தாலும் பயனில்லை.

காணொளி பக்கத்துக்குள் இல்லை என்ற உண்மையை இலங்கை முழுவதும் ஒரே நாளில் உணர்த்திய நிகழ்வுகளும் உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அரசு பேஸ்புக், யூடியூப் உள்ளிட்ட தளங்களை ஒரு வாரத்துக்கும் மேலாக முடக்கியது. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவே, அவை மீண்டும் பல மணிநேரம் முடங்கின. செய்தித் தளங்கள் முடக்கப்படாததால் அவற்றின் எழுத்துகள் வழக்கம்போலத் திறந்தன. ஆனால் அவற்றுக்குள் பதிக்கப்பட்ட யூடியூப் காணொளி, முடக்கப்பட்ட அதே முகவரியிலிருந்தே வரவேண்டியது என்பதால், வி.பி.என். எனப்படும் மாற்றுப் பாதையைப் பயன்படுத்தாதவருக்கு அது கிட்டவில்லை. தன் சொந்த வழங்கியில் காணொளியை வைத்திருக்கும் தளத்துக்கு மட்டும் இந்த முடக்கம் பொருந்தாது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பக்கத்துக்கும் காணொளிக்கும் இடையிலான இதே பிளவு வேறொரு வடிவில் வெளிப்பட்டது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாடங்கள் உள்ளன. அதைக் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழிசெய்தன. இத்தகைய சலுகைகள் பொதுவாக ஒரு தளத்தின் முகவரியை அடிப்படையாகக் கொண்டவை. அப்படிச் சலுகை பெற்ற எந்தத் தளத்திலும், பாடப்பக்கம் சலுகை முகவரியிலிருந்து வந்து அதற்குள் பதித்த காணொளி வேறு முகவரியிலிருந்து வருமானால், பக்கம் இலவசமாகவும் காணொளி கட்டணத்துக்கு உரியதாகவும் ஆகக்கூடும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால், பெற்றோர் அதை அறிவது டேட்டா தீர்ந்த செய்தி வரும்போதுதான். சலுகையை அறிவிப்போர் இந்த வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதே.

புலம்பெயர்ந்தோரோடு தொடர்புடைய ஒரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. திருவிழாக்களும் திருமணங்களும் இறுதிக்கிரியைகளும் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவினருக்காக பேஸ்புக்கில் நேரலையாக ஓடுகின்றன; அந்த நேரலையையே ஊர்த் தளத்திலோ கோயில் தளத்திலோ பதித்துவைப்பது எளிது. ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து பேஸ்புக் புதிய நேரலைப் பதிவுகளை 30 நாட்களுக்குப் பின் நீக்கிவிடுகிறது. அதற்குள் தரவிறக்கிவைக்காவிடில், ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் வெற்றுக் கட்டமே இருக்கும். பேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொடும்போது அது தொலைபேசியின் வழக்கமான உலாவியில் திறக்காமல் செயலிக்குள் இருக்கும் குறுகிய உலாவியில் திறப்பதும், அங்கே முழுத்திரையோ உள்நுழைவோ சரிவர இயங்காததும் அடிக்கடி நேர்வது. மேல்மூலையில் உள்ள பட்டியலைத் திறந்து வெளி உலாவிக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொந்த வழங்கியிலேயே கோப்பை வைப்பவர்களுக்கும் சில நுட்பங்கள் தெரிந்திருக்கவேண்டும். 2017க்குப் பிந்தைய ஐபோன்கள் இயல்பாகப் பதிவுசெய்யும் எச்.ஈ.வி.சி. என்ற சுருக்கமுறை எல்லா ஆண்ட்ராய்டு உலாவிகளிலும் ஓடாது, சிலவற்றில் ஒலி மட்டும் வரும். 2003இலிருந்து புழங்கும் எச்.264 முறைக்கு மாற்றிப் பதிவேற்றினால் ஏறத்தாழ எந்தத் தொலைபேசியும் அதை ஓட்டும். எம்.பி.4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை சில வேளைகளில் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. அது முன்னால் இருந்தால் படம் விரைவில் தொடங்கும், பின்னால் இருந்தால் உலாவி அதைத் தேடிச் செல்லவேண்டியிருக்கும். கோப்பின் எந்தப் பகுதியையும் தனியே கேட்டு வாங்க வழங்கி அனுமதிக்காவிடில் ஐபோன் அதை ஓட்டவே மறுக்கும். யூடியூப்பைப் பதிப்பவர்களோ, ஒவ்வொரு பெட்டியும் படம் தொடங்குமுன்பே ஓட்டிக்காக மட்டும் அரை மெகாபைட்டையும் தாண்டி இழுக்கக்கூடும் என்பதைக் கருதி, முதலில் ஒரு நிழற்படத்தை மட்டும் காட்டி, தொட்டபின் ஓட்டியை வரவழைக்கும் முறையைக் கையாளலாம்.

பதித்த ஓட்டி பொதுவாகக் காணொளியைச் சேமித்துவைக்க அனுமதிப்பதில்லை. இலங்கையில் நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்துவதற்கென்று தனி ஒதுக்கீடு தரும் டேட்டாப் பொதிகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. பகல் ஒதுக்கீடு தீர்ந்த வீடுகளில் இரவுப் பங்கு பயன்படாமல் கழிவதும் உண்டு. ஒரு பாடசாலையோ கோயிலோ ஊர்ச் சங்கமோ, பதித்த காணொளிக்குக் கீழே, 360 வரித் தரத்தில் சுருக்கிய அதே கோப்பைத் தரவிறக்குவதற்கான இணைப்பு ஒன்றையும் சேர்த்துவைத்தால், இரவில் இறக்கி வைத்த பாடத்தை மறுநாள் சிக்னல் இல்லாத இடத்திலும் பிள்ளைகள் பார்க்கலாம்.