எதிரியின் முகம் பார்க்காமலே சாட்சி சொல்லலாம்

மன்னவனூரிலோ பூண்டியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் திண்டுக்கல் போக்சோ நீதிமன்றத்திலிருந்து, பிள்ளையைச் சாட்சி சொல்ல அழைத்துச் சம்மன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் கோர்ட்டில் இருக்க வேண்டுமானால் விடியும் முன்பே கிளம்பிக் கொடைக்கானல் வந்து, பெருமாள்மலை, வத்தலக்குண்டு வழியாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் இறங்க வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீனில் இருந்தால் அவருக்கும் அன்றுதான் வாய்தா. மலையில் பஸ்கள் குறைவு; அவரும் அதே பஸ்ஸில் வரலாம். படிக்கட்டில் நிற்கும் அவருடைய அண்ணன் மிரட்ட வேண்டியதே இல்லை, பிள்ளையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். கோர்ட் வராண்டாவிலும் அதே முகங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் பிள்ளை பாதி ஒடுங்கிப் போயிருக்கும்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 36ஆவது பிரிவு, சாட்சியம் சொல்லும் குழந்தையின் கண்ணில் எதிரி படவே கூடாது என்கிறது. காணொலி, ஒருபக்கக் கண்ணாடி, திரை எதை வேண்டுமானாலும் நீதிபதி பயன்படுத்தலாம். 33ஆவது பிரிவின்படி வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், விசாரணையும் மூடிய அறையில்தான்.

இந்த உரிமை குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. 2022 ஜனவரியில் ஸ்ம்ருதி துக்காராம் படாடே வழக்கில் உச்ச நீதிமன்றம், 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சி' யார் என்பதை விரித்துச் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் எந்த வயதானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் இதில் வருவார். மனநலம் குன்றியவர், காது கேளாதவர், பேச இயலாதவர், மிரட்டலுக்கு ஆளானவர் ஆகியோரும் உண்டு. இவர்களுக்காக மாவட்டம்தோறும் தனிச் சாட்சிய மையம் அமைக்கவும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. அங்கே சாட்சிக்குத் தனி வழி, தனிக் காத்திருப்பு அறை. நீதிபதியைத் திரையில் பார்த்துப் பேசலாம்.

ஆனால் மையம் மாவட்டத் தலைநகரில் இருந்தால் மலைக்காரருக்கு வராண்டா பயம் தீரும். பஸ் பயம் தீராது. அதனால் மனுவில் எதிரியின் கண்ணில் படாத ஏற்பாடு, ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி சொல்லும் இடம் இரண்டையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு 2020இல் தந்த மாதிரி விதிகளில், சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம், மருத்துவமனை, காப்பகம் போன்ற இடங்களையும் சாட்சி அமரும் இடமாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கொடைக்கானலிலேயே உள்ள நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்து திண்டுக்கல் நீதிபதியிடம் பேச அனுமதி கேட்பதில் தவறில்லை. முடிவு நீதிபதியுடையது.

யாரும் கேட்காமல் இதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. சம்மன் கைக்கு வந்ததுமே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி மனுப் போட வைக்க வேண்டும். வாய்தா அன்று காலையில் சொன்னால் அலைச்சல்தான் மிச்சம். போக்சோ வழக்கென்றால் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபர் இதற்கு உதவுவார். சொந்தமாக வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். மிரட்டல் வந்திருந்தால் அது தனிக் குற்றம்: பொய்ச்சாட்சி சொல்லும்படி மிரட்டுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. 2018இன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் காவல் பாதுகாப்பும் கேட்கலாம்.

வீட்டிலிருந்தே செல்போனில் சொல்லிவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சித்தப்பா பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தார் என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால் போதும், உண்மையான சாட்சியமும் ஆட்டம் கண்டுவிடும். அதிகாரபூர்வ இடத்தில் அறைக்குள் வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். குறுக்கு விசாரணை எதிரியின் உரிமை. திரை வந்ததால் அது போய்விடாது. சாட்சி சொல்வது எதிரிக்கும் கேட்க வேண்டும். அது சரியாக நடந்தால்தான் மேல்முறையீட்டிலும் தண்டனை நிற்கும்.

பழனி மலைக்கு மேற்கே இருக்கும் பொள்ளாச்சியின் பாலியல் வன்முறை வழக்கு, சாட்சிகளைக் காப்பதில் நமக்கு இரண்டு பக்கத்தையும் காட்டியது. 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையே வெளியே சொன்னது. அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இதற்குப் பிறகு யார் சாட்சி சொல்ல வருவார்கள் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் கோவை மகளிர் நீதிமன்றத்தில் மூடிய அறையில் நடந்த விசாரணையில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. 2025 மே 13இல் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை.

மலையில் இன்னொரு தொல்லை, மழைக்காலத்தில் லைன் போய்ப் போய் வரும். விசாரணைக்கு முன்பே ஒருமுறை இணைப்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு பாதியில் அறுந்தால் "கேட்கலைங்க ஐயா, திரும்பக் கேளுங்க" என்று சொல்லப் பிள்ளைக்கு முன்கூட்டியே தைரியம் கொடுங்கள். சரியாகக் காதில் விழாத கேள்விக்கு "ஆமா" என்று சொல்லிவிட்டால் அதுவும் பதிவாகிவிடும்.