புல்மோட்டை மணலும் புகையை எரிபொருளாக்கும் கனவும்

லிங்கநகர் முதலான, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளில் வாழும் மக்களுக்கு நிலக்கரி பற்றிய பேச்சு புதிதன்று. கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, சம்பூரில் 500 மெகாவாற் அனல்மின் நிலையமொன்றை இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அமைக்கவிருந்தன. அந்த மண்ணிலிருந்து 2006இல் போரினால் விரட்டப்பட்ட தமிழ் மக்களும், அதே ஆண்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு ஓட நேர்ந்த முஸ்லிம் மக்களும் ஊர் திரும்பிய பின்னரும் அந்தத் திட்டம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டேயிருந்தது. 2016 செப்டெம்பரில் அதனைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இப்போது அங்கே வருவது 120 மெகாவாற் சூரிய மின் திட்டமாகும். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் எமது ஜனாதிபதியும் அதன் பணிகளைத் தொடக்கி வைத்தனர்.

அனல்மின் நிலையம் எழுந்திருந்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்ற கணக்கில், ஆண்டுதோறும் சுமார் 30 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டு வளியிற் கலந்திருக்கும். இந்த வாயுவைச் சூரிய ஒளியின் துணையோடு எரிபொருளாகவும் இரசாயனப் பொருட்களாகவும் மாற்றிவிடலாம் என்ற செய்தி அவ்வப்போது வெளிவருகின்றது. அப்படியானால் புகைக்கு அஞ்சுவானேன் என்று கேட்போரும் உளர். இக்கூற்று எந்தளவுக்கு உண்மை என்பதை அறிந்திருப்பது இந்த மாவட்டத்தவர்க்கு வேறொரு காரணத்தாலும் அவசியமாகின்றது. இவ்வித்தைக்கு முதன்முதலிற் பயன்பட்ட பொருளின் மூலப்பொருள் நகருக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையிற் குவிந்து கிடக்கின்றது.

விறகு எரிந்து முடிந்தபின் எஞ்சுவது சாம்பல். காபன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது காபனீரொட்சைட்டு. இரண்டிலும் மேற்கொண்டு எரிவதற்கு எதுவுமில்லை. அதனை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமாயின், எரிந்தபோது வெளியேறிய சக்தியையெல்லாம் திரும்பக் கொடுத்தாக வேண்டும். மரத்தின் இலை இதனை ஒளித்தொகுப்பு மூலம் நாள்தோறும் செய்கின்றது. மனிதர் செய்யலாம் என்பதற்கான வழியை டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் புஜிஷிமாவும் அவரது ஆசிரியர் ஹொண்டாவும் 1972இல் காட்டினர். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மீது ஒளி பட்டபோது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதை அவர்கள் கண்டனர். 1979இல் ஹொண்டா, புஜிஷிமா ஆகியோர் உள்ளிட்ட குழுவினர், நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டில் இத்தகைய தூள்களைக் கலந்து ஒளியூட்டி, போமிக் அமிலமும் மெதனோலும் சிறிதளவில் உண்டாவதை நிறுவினர். வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சிலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெண்தூள்தான் தைத்தேனியம் ஈரொட்சைட்டு.

இங்கு நிகழ்வது என்ன? ஒளி அந்தத் தூளின் துணிக்கையொன்றிற் படும்போது இலத்திரனொன்று தன் இருப்பிடத்தை விட்டு மேலெழுகின்றது. அது விட்டுச் சென்ற இடம் வெற்றிடமாகின்றது. மேலெழுந்த இலத்திரன் காபனீரொட்சைட்டைச் சென்றடைந்து அதனை மாற்றுகின்றது. வெற்றிடமோ நீரிலிருந்து இலத்திரனைப் பறித்துத் தன்னை நிரப்பிக்கொள்ள, ஒட்சிசன் வெளியாகின்றது. தூள் தான் தேயாமல் வேலையை நடத்திக் கொடுப்பதனால் ஒளியூக்கி எனப் பெயர் பெற்றது. காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூறு போமிக் அமிலமாக 2 இலத்திரன்கள் போதும். மெதனோலாக 6 வேண்டும். சமையல் வாயுபோல் எரியும் மெதேனாக 8 வேண்டும்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. மேலெழுந்த இலத்திரன்களிற் பெரும்பாலானவை கண்ணிமைக்கும் நேரத்தின் மிகச் சிறு பங்கிலேயே மீண்டும் வெற்றிடத்தில் விழுந்து, பெற்ற சக்தியை வெப்பமாக இழந்துவிடுகின்றன. ஓட்டைக் குடத்தில் நீர் அள்ளும் கதைதான். தப்பிப் பிழைத்தவையும் காபனீரொட்சைட்டை நாடாமல், இலகுவான வழியாக நீரிலிருந்து ஐதரசனை உண்டாக்கச் சென்றுவிடுகின்றன. போதாக்குறைக்குத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு கழியூதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். சூரிய ஒளியில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான். எஞ்சிய பங்கெல்லாம் வீண்.

எண்களைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். ஒரு கிராம் ஊக்கி மணிக்கு 10 மைக்குரோமோல் மெதனோல் தருகின்றதென வைத்துக்கொள்வோம். ஆய்வுகூட அளவில் இது இகழத்தக்க விளைச்சலன்று. அப்படியாயின் ஒரு கிலோகிராம் ஊக்கி, பத்து மணிநேர வெயிலில் தருவது 3.2 கிராம் மெதனோல். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அதற்குச் செலவாகும் காபனீரொட்சைட்டு 4.4 கிராம். சம்பூரில் எழவிருந்த நிலையத்தின் ஒரு நாட் புகையை இவ்வாறு விழுங்கச் செய்ய ஏறத்தாழ 19 இலட்சம் தொன் ஊக்கி தேவை. அத்தனையையும் வெயில் படும்படி மெல்லியதாகப் பரப்பியும் வைக்கவேண்டும். புகைக்கு மருந்து கையில் இருக்கின்றது என்று எவரேனும் சொல்ல வந்தால், இக்கணக்கை அவர்முன் வைக்கலாம்.

வெளியான விளைச்சல்களை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் முடியாது. நெதர்லாந்தின் ருவென்ரே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2010இல் ஒரு சோதனை செய்தனர். சாதாரண காபனுக்குப் பதிலாக, அடையாளங் காணத்தக்க காபன்-13 கொண்ட காபனீரொட்சைட்டை அவர்கள் பயன்படுத்தினர். விளைந்த பொருளில் ஒரு பகுதியின் காபன், ஊக்கி தயாரிக்கும்போதே அதன்மீது ஒட்டிக்கொண்ட அழுக்கிலிருந்து வந்திருந்தமை தெரியவந்தது. அதன்பின் இத்துறையினர் இச்சோதனையை வற்புறுத்தத் தொடங்கினர். தன் தவறைத் தானே வெளிப்படுத்தும் துறையை நம்பலாம். செய்தித் தலைப்புகளை நம்புவதற்கில்லை.

இத்துறையில் எமது நாடு வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. கண்டி, ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவரது சகாக்களும், செம்பின் ஒட்சைட்டு வகையொன்றைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து மெதனோல் பெறும் ஆய்வை 1989இல் வெளியிட்டனர். தைத்தேனியத்தால் உறிஞ்ச இயலாத, கண்ணுக்குத் தெரியும் ஒளியையே அப்பொருள் உறிஞ்சும் என்பது இங்கு முக்கியமானது. வடகிழக்கும் தெற்கும் ஒருசேர இரத்தம் சிந்திய ஆண்டு அது! அத்தகைய காலத்திலும் ஓர் ஆய்வுகூடம் இவ்வாறு இயங்கியிருக்கின்றது என்பதை எத்தனை மாணவர் அறிவர்?

இனிப் புல்மோட்டைக்கு வருவோம். அங்குள்ள கருமணலில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இல்மனைட்டு. உரூத்தைலும் சேர்க்கனும் அடுத்து வருகின்றன. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட காலந்தொட்டு இம்மணல் தரம் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. இல்மனைட்டில் சரிபாதிக்குச் சற்று மேற்பட்டது தைத்தேனியம் ஈரொட்சைட்டு; எஞ்சியது பெரும்பாலும் இரும்பு. இரும்பை அகற்றி வெண்தூளாக்கும் வேலை பிறநாடுகளில் நடைபெற, நாம் அதே தூளைப் பூச்சுத் தகரங்களில் விலை கொடுத்து வாங்குகின்றோம். ஒளியூக்கியாக உதவும் நுண்தூளோ சாதாரண வெண்தூளினும் பன்மடங்கு விலை பெறுவது.

ஆகவே இங்கேயே ஆலை கட்டுவோம் என்ற குரல் எழுவது இயல்பு. அதில் நியாயம் உண்டு. ஆனால் மின் நிலையத்தின் புகையை விழுங்க என்று சொல்லி அந்த ஆலையைக் கட்டலாகாது. இன்று காபனீரொட்சைட்டை மெதனோலாக்கும் தொழிற்சாலைகள் ஒளியூக்கியை நம்பியிருக்கவில்லை. 2012இல் ஐஸ்லாந்தில் இயங்கத் தொடங்கிய ஆலை, நிலவெப்ப மின்சாரத்தால் நீரிலிருந்து ஐதரசனைப் பிரித்து, அதனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்க்கும் வழியையே கைக்கொண்டது. மலிவான சூரிய மின்சாரம் மிஞ்சும் காலம் வருமாயின் சம்பூருக்கும் அவ்வழியே கிட்டியது. ஒளியூக்கிக்கு ஏற்ற இடம் இப்போதைக்கு ஆய்வுகூடமும், அழுக்கு நீரைச் சுத்திகரிப்பது போன்ற சிறு வேலைகளும்தாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொண்டு சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வு நடந்து வந்துள்ளது. மணலுக்கு அண்மையிலிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவர்க்கு அது எட்டாக் கனியன்று.

மற்றொன்று கழிவு. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெண்தூள் எடுக்கும் முறையில், ஒரு தொன் தூளுக்குப் பல தொன் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் எஞ்சும். திருவனந்தபுரத்தில் இம்முறையில் இயங்கிய ஆலையின் கழிவு கடலில் விடப்பட்டதை எதிர்த்து, அக்கரையோர மீனவர்கள் நெடுங்காலம் போராடியிருக்கின்றனர். புல்மோட்டையின் முஸ்லிம் மீனவரும் கொக்கிளாய்த் தமிழ் மீனவரும் வலை வீசுவது ஒரே கடலில். எனவே ஆலைக்கான திட்ட அறிக்கை எப்போதாவது மேசைக்கு வருமாயின், எவ்வளவு தூள், எவ்வளவு இலாபம் என்ற பக்கங்களுக்கு முன்னதாக, அமிலத்தை நடுநிலையாக்கும் செலவு எவ்வளவு, எஞ்சும் சேறு எங்கே கொட்டப்படும் என்ற பக்கம் இருக்கவேண்டும். அது தமிழிலும் அச்சிடப்பட்டு அந்த ஊர்களில் வாசிக்கக் கிடைக்கவும் வேண்டும்.