பள்ளிக்கூடம் போன குழந்தை வீடு திரும்பவில்லை!

ஹாலந்து நாட்டில் பெற்றோர்கள் நடத்திய போராட்டம்

ஹாலந்து நாட்டைச் "சைக்கிள் நாடு" என்று சொல்வார்கள். நெதர்லாந்து என்பதும் அதே நாடுதான். அங்கே ஜனத்தொகையை விடச் சைக்கிள்களின் தொகை அதிகம்!

காலை வேளையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் துணை இல்லாமலே போவார்கள். பெற்றவர்கள் வாசலில் நின்று கையை அசைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்த நிம்மதி அந்த நாட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

400 குழந்தைகள்

1950-க்குப் பிறகு ஹாலந்தில் செல்வம் பெருகியது. மோட்டார் கார்களும் பெருகின. கார்கள் போக இடம் வேண்டுமே! வீடுகளை இடித்து ரோடு போட்டார்கள். சைக்கிளில் போனவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

1971-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்!

அந்த ஆண்டு, 6 வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக வந்த கார் மோதியது. சிறுமி இறந்துவிட்டாள். கார் ஓட்டியவருக்குக் கிடைத்த தண்டனை 150 கில்டர் அபராதம். கில்டர் என்பது அக்காலத்தில் அந்த நாட்டு நாணயம். ஒரு குழந்தையின் உயிருக்கு அவ்வளவுதான் விலை!

சிறுமியின் தந்தை பெயர் விக் லாங்கன்ஹாப். அவர் ஒரு பத்திரிகையாளர். 1972-ல் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். "விபத்து" என்று அவர் தலைப்புக் கொடுக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்!" என்று கொடுத்தார்.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயர் ஆயிற்று. மார்ட்யே வான் புட்டன் என்ற இளம்பெண் அதற்கு முதல் தலைவி ஆனார்.

நடுத்தெருவில் சாப்பாடு!

பெற்றோர்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களில் கூடி மறியல் செய்தார்கள். சில நாட்கள் தெருவையே அடைத்து, குழந்தைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் மேசை போட்டு விருந்து சாப்பிட்டார்கள். போலீசார் தடியைத் தூக்கினார்களா? இல்லை. உதவி செய்தார்கள்!

பிரதம மந்திரி யோப் டென் அய்ல் வீட்டுக்கும் சைக்கிளில் போனார்கள். வாசலில் நின்று பாட்டுப் பாடினார்கள். அவர் வெளியே வந்து கேட்டார்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் டி பைப் என்ற நெருக்கமான பகுதி இருக்கிறது. அங்கே குழந்தைகளே கிளம்பிவிட்டார்கள். 1972-ல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். எங்களுக்கு விளையாடத் தெரு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்தது. நவம்பர் 4-ந் தேதி முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. கார் இல்லாத ரோடு எப்படி இருக்கும் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

தெரு மாறியது

பிள்ளையைப் பார்த்து "ஓரமாகப் போ" என்று சொல்வது சுலபம். போவதற்கு ஓரம் இருக்க வேண்டாமா? ஹாலந்தில் அந்த ஓரத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். பெரிய ரோடுகளின் பக்கத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். வீடுகள் உள்ள தெருக்களில் வளைவும் மேடும் வைத்தார்கள். சில தெருக்களில் ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் கார் போகக் கூடாது என்று அப்போது விதி வைத்தார்கள். தெரு முழுவதும் குழந்தைகள் விளையாடலாம். இதற்கு 1976-ல் சட்டம் வந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. 14 வயது ஆகாத குழந்தை நடந்தோ சைக்கிளிலோ போகும்போது கார் மோதினால், நஷ்டஈட்டை முழுவதும் கார்க்காரர் தரப்புத்தான் கொடுக்க வேண்டும். "குழந்தை குறுக்கே வந்துவிட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது!

2010-ல் ஹாலந்தின் சாலைகளில் இறந்த குழந்தைகள் 14 பேர்.

சைக்கிளுக்குப் பரீட்சை

பிள்ளைகளையும் சும்மா விடுவது இல்லை. ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் சாலை விதிகளில் பரீட்சை உண்டு. முதலில் எழுத்துப் பரீட்சை. பிறகு சைக்கிளில் ஏறி, ஊருக்குள் குறித்த வழியில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிரேக், மணி, விளக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள்.

பிள்ளைகளின் பெற்றோர்களே தெரு முனைகளில் காகிதமும் பென்சிலுமாக நிற்பார்கள். திரும்பும்போது பிள்ளை பின்னால் பார்த்தானா, கையை நீட்டினானா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.