வாப்பாவின் கட்சி, பிள்ளையின் கட்சி

"நாங்க மரம்" என்று கிழக்கில் ஒரு சிறுவன் சொல்வது கொள்கை அறிந்தல்ல. மர்ஹூம் அஷ்ரப் மறைந்தது 2000இல். இன்றைய மாணவர்கள் அவரைக் கண்டதேயில்லை. வீட்டுப் பேச்சே அந்தப் பாசத்தையும் கோபத்தையும் கொடுக்கிறது.

1965இல் அமெரிக்காவில் ஜென்னிங்ஸ், நீமி ஆகியோர் பாடசாலை இறுதி வகுப்பு மாணவர்களையும் பெற்றோரையும் ஆராய்ந்தனர். கட்சிப் பற்று பிள்ளைகளிடம் நன்றாகவே கடந்திருந்தது. பல விடயங்களில் பெற்றோரின் கருத்து அந்தளவு கடக்கவில்லை. கட்சிப் பெயர் சாப்பாட்டு வேளையில் அடிக்கடி காதில் விழும், காரணம் விழாது.

எங்கள் வீடுகளில் இன்னொன்றும் கடக்கிறது: மற்றக் கட்சிக்காரரை, மற்றச் சமூகத்தாரை வாப்பா அழைக்கும் சொல். எனக்குக் கவலை அதுதான்.

வகுப்பில் அரசியல் பேசும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறோம். "எதனால் அந்தக் கட்சி?" என்று கேட்டால், அன்று மாலையே அக்கேள்வி வாப்பாவிடம் போய்ச் சேரும்.